வழக்காடினால் மட்டும் போதுமா?

மனுநீதிச் சோழன் கதையை அறியாத தமிழ் மாணவர் இலர். தேர்க்காலில் கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலுக்கு வந்து ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டு நீதி வழங்கினான். முறை செய்தலுக்குத் தமிழுலகம் காட்டும் முதற்சான்று இது. இதன் பெருமையை மறுப்பார் யார்? ஆயினும் கதையைப் படிக்கும் சிந்தனையுள்ள மாணவன் இரண்டு வினாக்களை எழுப்பக்கூடும். மணியின் கயிறு எட்டாத தொலைவில் இருந்த பசுக்கள் என்னவாயின? கன்றுகள் உலவும் வீதியில் தேரை விரைந்து ஓட்டலாகாது என்று அதன் பின்னராவது ஒரு விதி பிறந்ததா?

முதல் வினாவுக்கு இக்காலம் கண்ட விடையே சட்ட உதவி. கயிறு எட்டாதவனுக்கு எட்டும்படி செய்யும் ஏற்பாடு அது. இரண்டாம் வினாவுக்கோ மலேசியாவில் இன்னும் முழு விடை கிடைத்தபாடில்லை.

ஏழைக்குக் கட்டணமின்றி வாதாட ஒரு வழக்கறிஞரைத் தருவதே சட்ட உதவி என்பது பொதுமக்கள் கருத்து. இது பாதி உண்மை. ஒரு விதி தவறானது என்று கொள்வோம். அவ்விதியால் கிள்ளானில் ஒரு குடும்பம் அல்லற்படுகிறது; செந்தூலில் ஒன்று, காஜாங்கில் ஒன்று, ரவாங்கில் ஒன்று. ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு கதவைத் தட்டுகிறது. ஒவ்வொரு கதவின் பின்னும் ஒரு கோப்பு திறக்கப்படுகிறது. நூறு வழக்கறிஞர் நூறு முறை அதே வாதத்தை எழுதுகின்றனர். அவர்களுள் சிலர் வெல்வர், சிலர் தோற்பர். விதி மட்டும் இருந்த இடத்தில் அசையாது இருக்கிறது. நூற்றியொன்றாம் குடும்பம் வாயிலில் வந்து நிற்கிறது.

மடை உடைந்து வயல் மூழ்கும்போது, வரப்பில் வரிசையாக நின்று ஆளுக்கொரு குடத்தால் நீர் இறைப்பவர்களின் உழைப்பைப் பாராட்டலாம். மடையை அடைக்க ஒருவரேனும் போகவில்லையே என்று கேட்காமல் இருக்க முடியாது.

சட்ட உதவி நல்கும் அமைப்புகள் தத்தம் கோப்புகளில் புதைந்து கிடக்கும் அனுபவத்தை ஒன்றுதிரட்ட வேண்டும். அதனைச் சட்டம் இயற்றும் நாடாளுமன்றத்தின் முன்னும், விதி வகுக்கும் அமைச்சுகளின் முன்னும், அவ்விதியை நடைமுறைப்படுத்தும் இலாகாக்களின் முன்னும் ஒரே குரலாக வைக்க வேண்டும். வழக்காடுதல் ஒரு கை என்றால் இது மற்றொரு கை. ஒரு கையால் கயிறு திரிக்க இயலாது.

மூன்று வாயில்கள்

இந்நாட்டில் ஏழைக்குச் சட்டத்தின் கதவைத் திறக்கும் பெருவாயில்கள் மூன்று. அரசாங்கம் 1970 இல் சட்ட உதவிப் பிரிவை நிறுவியது. 1971 ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டம் அதற்கு உருவம் தந்தது. பின்னாளில் அது சட்ட உதவி இலாகாவாக வளர்ந்தது. வழக்கறிஞர் மன்றம் 1980களின் தொடக்கத்திலிருந்து தன் சொந்தச் செலவில் சட்ட உதவி மையங்களை நடத்தி வருகிறது. அதற்காகத் தீபகற்ப மலேசியாவின் வழக்கறிஞர்கள் ஆளுக்கு 100 ரிங்கிட் ஆண்டுச் சந்தா செலுத்தும் வழக்கத்தை ஏற்படுத்திக் கொண்டனர். அரசாங்கப் பணத்தை எதிர்பாராமல் தம் பையிலிருந்து கொடுத்து ஏழைக்கு உதவும் தொழிலாளர் கூட்டம் வேறெத்தனை உண்டு? இது போற்றத்தக்கது. மூன்றாவதாக, 2011 இல் நிறுவப்பட்டு 2012 ஏப்ரல் மாதத்தில் பணி தொடங்கிய தேசியச் சட்ட உதவி அறவாரியம், கைது, தடுப்புக் காவல், ஜாமீன், குற்ற விசாரணை ஆகியவற்றில் குடிமக்களுக்கு உதவ வகுக்கப்பட்டது.

இவற்றுக்கு அப்பால் 1982 இல் தோன்றிய பெண்கள் உதவி அமைப்பும், நாடற்றோர் சிக்கலில் உழைக்கும் டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியாவும், தொழிற்சங்கங்களும், கோயில் மண்டபத்தில் விண்ணப்பப் பாரம் நிரப்பித் தரும் சிறு சங்கங்களும் உள்ளன.

வழக்கு நடத்துவதில் இவை ஒன்றுக்கொன்று துணை நிற்பது உண்டு. அறவாரியத்தின் வழக்குகளை வழக்கறிஞர் மன்றத்தின் உறுப்பினர்களே பெரிதும் தாங்குகின்றனர். ஆனால் விதியைத் திருத்துவதில் இவை அனைத்தும் கூடி அமரும் நிலையான மேசை ஒன்று மக்கள் கண்ணுக்குத் தெரியும்படி இல்லை. பேரிடர் வரும்போது கூடுகின்றனர், அறிக்கை விடுகின்றனர், பிறகு கலைகின்றனர். கிள்ளானில் உள்ள கோப்பு பிரிக்பீல்ட்ஸில் உள்ள கோப்போடு பேசுவதில்லை.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. 1976 ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழிற் சட்டம் வழக்கறிஞர் மன்றத்தின் நோக்கங்களைத் தன் 42 ஆம் பிரிவில் வரிசைப்படுத்துகிறது. வசதியற்றோர்க்கு வழக்கறிஞர் கிடைக்கத் திட்டம் வகுப்பது அவற்றுள் ஒன்று. கேட்டுக்கொள்ளப்படும்போது சட்டங்கள் குறித்தும் சட்ட நிர்வாகம் குறித்தும் கருத்துரைப்பது மற்றொன்று. ஒரே பிரிவில் வாழும் இவ்விரு கடமைகளும் ஒரே வீட்டில் பேசிக்கொள்ளாத சகோதரர்களாக இருத்தல் தகுமா?

கிள்ளான் காட்டிய வழி

ஒன்றுபட்ட கோரிக்கை என்பது தமிழ்த் தொழிலாளர்க்குப் புதிதன்று. 1941 ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை மலேசியத் தமிழர் வரலாறு மறக்கலாகாது. ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அன்று செய்த முதல் அரும்பணி, பல தோட்டத்துக் குறைகளையும் ஒரே பட்டியலாக்கியது. சீனத் தொழிலாளர்க்கு ஈடான கூலி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். முறையான மருத்துவ வசதி வேண்டும். கொடுமை செய்யும் மேலாட்களை நீக்க வேண்டும். உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது. துரையையோ கிராணியையோ கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும்.

இறுதியாகச் சொன்ன கோரிக்கையை எண்ணிப் பார்த்தல் நலம். சைக்கிளை விட்டு இறங்காததற்காக ஒரு தொழிலாளி தண்டிக்கப்பட்டால், அந்த ஒருவனுக்காக மன்னிப்புக் கேட்டு அவன் வேலையை மீட்டுத் தரலாம். அது வழக்கு. இறங்க வேண்டும் என்ற வழக்கமே கூடாது என்று எல்லாத் தோட்டத்தாரும் சேர்ந்து கேட்டால், அது சீர்திருத்தம். முன்னது ஒருவனைக் காக்கும். பின்னது தலைமுறையை நிமிர்த்தும். அன்றைய ஆட்சி இந்த வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தது. தனிமனிதன் மன்றாடினால் இரங்கும் ஆட்சி, பட்டியல் நீட்டியவுடன் படையை அனுப்பியது. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். தொழிலாளர் சிலர் துப்பாக்கிக்கு இரையாயினர். தனிக்குரலைவிடக் கூட்டுக்குரலே விதியை அசைக்கும் என்பதற்கு அந்த அச்சமே சான்று.

நீதிமன்றத்தில் வென்றதும் நாடாளுமன்றத்தில் வெல்வதும்

வழக்கில் வென்றால் போதும் என்பார்க்கும், சட்டம் அரசியலாரின் வேலை என்பார்க்கும் அண்மைக் காலக் குடியுரிமைச் செய்திகளே விடை கூறும்.

மலேசியத் தந்தை வெளிநாட்டில் பெற்ற பிள்ளைக்கு உள்ள உரிமை மலேசியத் தாய் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைக்கு இல்லாதிருந்தது. ஃபேமிலி ஃபிரண்டியர்ஸ் என்ற அமைப்பும் தாய்மார் சிலரும் வழக்குத் தொடுத்தனர். 2021 செப்டம்பர் 9 ஆம் நாள் உயர் நீதிமன்றம் தாய்மார்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்ட் 5 ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் அதனை மாற்றியது. வழக்கை மட்டும் நம்பியிருந்தால் அங்கேயே கண்ணீர் வற்றியிருக்கும். ஆனால் அத்தாய்மாரும் அவர்தம் துணை அமைப்புகளும் நாடாளுமன்றத்தின் கதவையும் தட்டிக்கொண்டே இருந்தனர். 2024 அக்டோபர் 17 ஆம் நாள் மக்களவை அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியபோது தாய்க்கும் சம உரிமை இடம்பெற்றது. நீதிமன்றத்தில் நழுவியது நாடாளுமன்றத்தில் கைக்கு வந்தது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் அதே காலத்தில் நடந்தது. பெற்றோர் இன்னாரென்று அறியப்படாது கைவிடப்பட்ட குழந்தையைக் குடிமகனாகக் கொள்ள வேண்டும் என்று 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஏழைக் குழந்தைக்குக் கிடைத்த பெருவெற்றி அது. அதன் பின்னர் அரசாங்கம் முன்மொழிந்த திருத்தங்களுள், அத்தீர்ப்புக்கு அடித்தளமான விதியையே மாற்றி, தானாகக் கிடைக்கும் குடியுரிமையை விண்ணப்பித்துப் பெறும் சலுகையாக்கும் ஏற்பாடும் இருந்தது. நாட்டின் உச்ச நிலை நீதிமன்றத்தில் வென்ற உரிமையை ஒரு மசோதாவின் சில வரிகள் விழுங்கிவிடக் கூடும் என்பதை அன்று பலரும் உணர்ந்தனர். வழக்கறிஞர் மன்றமும், மனித உரிமை ஆணையமாகிய சுஹாகாமும், குடியுரிமைக்காகப் போராடும் அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்தன. 2024 மார்ச் மாதத்தில் கைவிடப்பட்ட குழந்தைகள் தொடர்பான திருத்தம் மீட்டுக்கொள்ளப்பட்டது. கூடிக் குரல் கொடுத்ததன் பயன் அது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. நிரந்தரவாசிகள், அதாவது சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்போர், இந்நாட்டில் பெறும் பிள்ளைகளுக்குத் தானாகவே கிடைத்து வந்த குடியுரிமையை நீக்கும் திருத்தம் மீட்டுக்கொள்ளப்படவில்லை, அது நிறைவேறியது. பதிவின் வழிக் குடியுரிமை கோரும் பிள்ளைகளின் வயது வரம்பும் 21 இலிருந்து 18 ஆகக் குறைந்தது.

சிவப்புக் கார்டு என்ற சொல் தோட்டப்புறத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிய சொல்லா? இந்நாட்டு மண்ணில் பால்மரம் சீவி முதுமை எய்தியும் நீலக் கார்டு காணாது மறைந்த பாட்டிமார் எத்தனை பேர்! இத்திருத்தத்தை எதிர்த்தும் குரல்கள் எழுந்தன. இல்லையெனல் நன்றிகெட்ட கூற்றாகும். எனினும், கைவிடப்பட்ட குழந்தைக்காக நாடே உருகியதுபோல் சிவப்புக் கார்டுப் பெற்றோரின் குழந்தைக்காக உருகவில்லை. அக்குழந்தையின் நிலை ஒவ்வொரு கோப்பிலும் ஒவ்வொரு மேசையிலும் தனித்தனியே கிடந்தது. அக்கோப்புகளை ஒருவர் அடுக்கி, கிள்ளான் பள்ளத்தாக்கில் மட்டும் இத்தனை குடும்பங்கள், இன்னின்ன காரணங்கள், இன்னின்ன தடைகள் என்று உறுப்பினர் ஒவ்வொருவரின் கையிலும் வைத்திருந்தால் முடிவு வேறாகியிருக்குமோ என்னும் வினா, சட்ட உதவி செய்வோர் அனைவரையும் உறுத்த வேண்டிய வினாவாகும்.

சட்டத்தில் இருந்தால் போதுமா?

சட்டம் நன்றாக இருந்தும் நடைமுறை கெட்டிருந்தால் என்ன பயன்? அதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. 2009 மே 7 ஆம் நாள் இரவு, மெழுகுவத்தி ஏந்திக் கூடியதற்காகக் கைது செய்யப்பட்டோரைச் சந்திக்கக் கோலாலம்பூர் சட்ட உதவி மையத்து வழக்கறிஞர்கள் பிரிக்பீல்ட்ஸ் காவல் நிலையத்துக்குச் சென்றனர். சந்திக்க அனுமதி கிட்டவில்லை. நிலையத்தின் முன் நின்ற வழக்கறிஞர் ஐவரே கைது செய்யப்பட்டனர். கைதானவன் தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 5 ஆம் பிரிவு தந்திருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவும் அவ்வுரிமையை விரித்துரைத்திருந்தது. ஏட்டில் இருந்த உரிமை நிலைய வாயிற்படி ஏறவில்லை. சுஹாகாம் பொது விசாரணை நடத்தி, மனித உரிமை மீறப்பட்டது என்று முடிவு கூறியது.

ஓர் உரிமையின் உயிர் பல வேளைகளில் நாடாளுமன்றச் சட்டத்தில் இல்லை; பணியில் இருக்கும் அதிகாரி எந்தப் பாரத்தை எப்போது நிரப்ப வேண்டும், யாருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும், எத்தனை மணிநேரம் காக்க வேண்டும் என்ற உள் ஆணையில் இருக்கிறது. பள்ளிச் சேர்க்கைக்கும் இதுவே உண்மை. பதிவு இலாகாவின் முகப்புக்கும் இதுவே உண்மை. சுற்றறிக்கை ஒன்று மாறினால் ஆயிரம் பேருக்குக் கதவு திறக்கும். மாறாவிட்டால் ஆயிரம் வழக்கறிஞர் வந்தாலும் கதவு ஒருக்களித்தே இருக்கும்.

விதிமாற்றத்தின் வலிமைக்கு மற்றொரு சான்று தடுப்புக் காவல். காவல் துறையை ஆராய்ந்த அரச ஆணையம் 2005 இல் 125 பரிந்துரைகளை வைத்தது. அதன் பின்னர் வந்த 2006 ஆம் ஆண்டின் திருத்தத்தால், 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களில் விசாரணைக் காவல் முதலில் நான்கு நாள், மறுமுறை மூன்று நாள் என்று வரம்பிடப்பட்டது. தனித்தனி வழக்குகளில் ஒரு நாளைக் குறைக்கச் சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர் அதிகாலையில் எழுந்து ஓடி, மாஜிஸ்திரேட்டின் முன் எத்தனை முறை மன்றாட வேண்டும்! விதி மாறியபோதோ, வழக்கறிஞரே இல்லாத கைதிக்கும் அந்நாள்கள் மிஞ்சின.

வேலையோடு போன வீடு

விதியில் உள்ள ஓட்டையை வழக்கினால் அடைக்க முடியாது என்பதற்குத் தோட்டத் தொழிலாளரின் வீடே தக்க சான்று. ஷா ஆலம் நகரம் ஒருகாலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். சுபாங் ஜெயா எழுந்த நிலம் சீபீல்ட் தோட்டம். புக்கிட் ஜாலிலும் தோட்டமே. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்ச் செங்கல் வந்தது. ஆட்குறைப்பு நேரும்போது 1980 ஆம் ஆண்டின் வேலைநீக்க நலன் விதிகள் கணக்குப் போட்டுத் தருகின்றன: இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்குப் 10 நாள் சம்பளம், ஐந்தாண்டுக்குக் குறைந்ததற்கு 15 நாள், அதற்கு மேல் 20 நாள். கணக்குத் தெளிவானது. ஆனால் அக்கணக்கில் வீடு என்ற சொல் இல்லை. 1990 ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுத் தரச் சட்டமும் வேலையில் இருப்பவனின் வீட்டைப் பற்றியதே.

மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்தை விட்டு வெளியேறும் தொழிலாளிக்காக எத்துணைத் திறமான வழக்கறிஞர் வாதாடினாலும், சட்டத்தில் இல்லாத வீட்டை நீதிபதி எங்கிருந்து எடுத்துத் தருவார்? இரக்கத்தால் சில மாதத் தவணை கிடைக்கலாம். போராட்டத்தால் ஒரு தோட்டத்தார் வீடு பெறலாம். அடுத்த தோட்டத்தார் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவர். ஒவ்வொரு தோட்டமும் தனியே அழுதது, தனியே கலைந்தது. அந்த அழுகைகள் ஒரு மசோதாவாக உருப்பெறாமற் போனதே பெருந்தவறு.

கூடினால் நடக்கும்

இது கைகூடாத கனவு என்பார்க்குக் குடும்ப வன்முறைச் சட்டம் விடை கூறும். கணவனால் அடிபட்ட பெண் காவல் நிலையம் சென்றால், வீட்டுச் சண்டை என்று திருப்பி அனுப்பப்பட்ட காலம் இருந்தது. பெண்கள் உதவி அமைப்பு அடைக்கலம் தந்தது. வழக்கறிஞர்கள் தனித்தனியே உதவினர். அதோடு நின்றிருந்தால் அடைக்கல இல்லங்களின் எண்ணிக்கையே பெருகியிருக்கும். 1985 இல் பெண்கள் அமைப்புகள், தொழிற்சங்கக் காங்கிரஸின் மகளிர் பிரிவு, பயனீட்டாளர் சங்கம் ஆகியன கூட்டு நடவடிக்கைக் குழுவாக இணைந்தன. அடைக்கல இல்லத்தில் கேட்ட அழுகை சட்ட வாசகமாக மாறியது. 1994 இல் குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறியது.

ஆனால் நடைமுறைக்கு வந்தது 1996 ஜூன் மாதத்தில். நிறைவேறியதற்கும் நடைமுறைக்கு வந்ததற்கும் இடையே இரண்டாண்டு. அந்த இடைவெளியிலும் குழு கலையவில்லை. கூட்டத்துக்கு மாலை சூட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் சங்க வழக்கத்துக்கு இது நல்ல படிப்பினை. மசோதா நிறைவேறிய நாள் வேலையின் பாதிநாள். அரசிதழில் அமலுக்கு வரும் தேதி வெளியாவது மறுபாதி. காவல் நிலைய முகப்பில் உள்ளவர் அதனை அறிந்து நடப்பதே நிறைவு.

மறுப்புரைகளும் விடைகளும்

அரசாங்கச் சம்பளம் பெறும் சட்ட உதவி இலாகா அரசாங்கத்தின் சட்டத்தையே குறைகூறலாமா என்பது முதல் மறுப்பு. குறைகூறுதல் வேறு, உண்மை அறிவித்தல் வேறு. ஆண்டுதோறும் எந்த வகை வழக்கு எத்தனை வந்தது, எந்த விதியால் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டனர் என்று எண்ணிச் சொல்வது அரசாங்கத்துக்கே செய்யும் தொண்டு. இந்தியா 1976 இல் அரசியலமைப்பின் 39ஏ பிரிவால் சட்ட உதவியை அரசின் கடமையாக்கியது. அதன்பின் வந்த 1987 ஆம் ஆண்டுச் சட்டம், நலிந்த பிரிவினர்க்காகச் சமூக நீதி வழக்குகளை மேற்கொள்ளும் பொறுப்பையும் அரசு நிறுவிய சட்டப் பணிகள் ஆணையத்துக்கே தந்தது. அரசின் பணத்தால் நடக்கும் அமைப்பு ஆளுக்கொரு வழக்கோடு நிற்க வேண்டியதில்லை என்பதை அந்நாட்டுச் சட்டமே ஒப்புகிறது.

அமெரிக்காவின் அனுபவம் இன்னும் கூர்மையானது. அங்குச் சட்ட உதவிக் கழகத்தின் பணம் பெறும் அமைப்புகள் சட்டத் திருத்தம் கோரி நாடாளுமன்றத்தை அணுகுவதற்கும், பலர் சார்பாகக் கூட்டு வழக்குத் தொடுப்பதற்கும் 1996 இல் கடுந்தடை விதிக்கப்பட்டது. ஏன் விதிக்கப்பட்டது? அவை பயனற்றவை என்பதாலா? ஏழைகள் விதியையே கேள்வி கேட்பது சிலருக்குச் சுட்டது என்பதால் அன்றோ! தடைக்குப் பின்னும் கலிபோர்னிய அமைப்புகள் ஓய்ந்துவிடவில்லை. 1967 இல் தொடங்கிய சட்ட வறுமை மேற்கு மையம் அந்தக் கழகத்தின் பணத்தைச் சாராமல், மாநிலச் சட்டமன்றத்திலும் இலாகாக்களிலும் ஏழைகளின் பொருட்டுப் பேசும் பணியைத் தொடர்ந்தது. பேச முடியாதவர் அறிந்ததைச் சொல்லலாம். பேச முடிந்தவர் அதனை எடுத்துப் பேசலாம். மலேசியாவிலும் இலாகா எண்களைத் தரட்டும். வழக்கறிஞர் மன்றம் வாசகத்தைத் தரட்டும். சங்கங்கள் மக்களின் குரலைத் தரட்டும். வேலைப்பிரிவினை ஒற்றுமைக்குப் பகையன்று.

சட்டம் இயற்றுவது அரசியலாரின் வேலை என்பது இரண்டாம் மறுப்பு. இயற்றுவது அவர்தம் வேலையே. ஆனால் விதி எங்கே குத்துகிறது என்று அறிவிப்பது யார் வேலை? செருப்பு எங்கே கடிக்கிறது என்பது அணிந்தவனுக்கும் அவன் காலைக் கழுவி மருந்திடுபவனுக்குமே தெரியும். மேலும், நாடாளுமன்றம் வகுக்கும் சட்டத்தைவிட அமைச்சர் வகுக்கும் துணைவிதிகளும் இலாகா அனுப்பும் சுற்றறிக்கைகளுமே ஏழையின் அன்றாட வாழ்வைத் தீண்டுகின்றன. அவற்றுக்கு மேடை முழக்கம் பயன்படாது. ஆதாரம் அடுக்கிய மனுவே பயன்படும்.

தமிழர் சங்கங்கள் ஒன்றுபடா என்பது மூன்றாம் மறுப்பு. இது மறுப்பன்று, சோம்பலுக்குப் போர்த்திய போர்வை. ஒருங்கிணைப்பு என்றால் எல்லாச் சங்கத்தையும் ஒரே சங்கமாக்குவதன்று; தலைவர் பதவிக்கு மீண்டும் ஒரு தேர்தல் வைப்பதன்று. ஒரே பொருளைப் பற்றி ஒரே நாளில் ஒரே கோரிக்கையை வைப்பது, அவ்வளவே. திருவிழாவுக்கு நாள் குறிக்கத் தெரிந்த சமுதாயத்துக்கு மனு கொடுக்க நாள் குறிக்கத் தெரியாதா?

செய்ய வேண்டியவை

சட்ட உதவி மையங்களும், இலாகாவும், அறவாரியமும், சமூக அமைப்புகளும் ஆள் பெயர் நீக்கிய பொதுப் பதிவேடு ஒன்றை ஏற்படுத்த வேண்டும். எந்தச் சிக்கல், எந்த விதி, எந்த இலாகா, என்ன முடிவு என்ற நான்கு கட்டங்கள் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி அதனைப் படிக்க வேண்டும். ஒரே முட்டுக்கட்டை பல கோப்புகளில் தோன்றுமானால், அது இனி வழக்கன்று, விதிக்குறை என்று கொண்டு மனு எழுத வேண்டும். அரசிதழையும் மக்களவையின் நிகழ்ச்சி நிரலையும் இடைவிடாது கவனிக்கும் பொறுப்பு ஒருவருக்கேனும் இருக்க வேண்டும். மசோதா வாசிக்கப்பட்ட பின் விழித்துக்கொள்வது பயிர் கருகிய பின் வாய்க்கால் வெட்டுவதாகும். கொடுத்த மனு என்னவாயிற்று என்பதைத் தமிழில் எழுதி மக்களுக்கு அறிவிப்பதும் இப்பணியின் ஒரு கூறே.

இப்பணியில் தமிழாசிரியரின் இடம் பெரியது. முதலாம் ஆண்டுப் பதிவுக்கு வரும் பெற்றோரின் கையில் பிறப்புப் பத்திரம் இல்லை என்பதை அமைச்சருக்கு முன், வழக்கறிஞருக்கு முன், முதலிற் காண்பவர் பள்ளியில் இருப்பவர்தாம். சட்டச் சீர்திருத்தத் திருமண மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல், கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது; பதிவும் வேண்டும். பதிவில்லாத் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு, குடியுரிமையைப் பொறுத்தவரை, தாயின் நிலையே நிலை. தந்தை குடிமகனாயினும் தாய் குடியுரிமை இல்லாதவளாயின் பிள்ளை நடுவழியில் நிற்கும். ஐயர் மந்திரம் ஓதினார், ஊர் வாழ்த்தியது, பிள்ளை மட்டும் நாடற்றதாயிற்று என்ற அவலம் அறியாமையால் விளைவது. அறியாமையை நீக்குவது ஆசிரியர் தொழில் அன்றேல் வேறு யார் தொழில்?

ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் பள்ளியில் காணும் இத்தகைய சிக்கல்களைக் குறித்து வைத்துச் சட்ட உதவி மையத்துக்கு அனுப்பினால், பதிவேட்டின் முதற்பக்கங்கள் தாமே நிரம்பும். உயர்நிலை மாணவர்க்கு மசோதா எவ்வாறு சட்டமாகிறது, துணைவிதி என்றால் என்ன, மனு எழுதும் முறை எது என்பவற்றைத் தமிழில் விளக்கலாம். கட்டுரைப் பயிற்சிக்குக் கற்பனைத் தலைப்புகளையே தேட வேண்டியதில்லை. தம் குடியிருப்பின் குறையை உரிய இலாகாவுக்கு எழுதுவதும் கட்டுரையே. பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலும் தமிழ் மாணவர், மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ள விதிகளை எளிய தமிழில் பெயர்த்துத் தருவாராயின், அது அவர் பட்டத்துக்கு அணியாகும்.

கிள்ளான் தோட்டத் தொழிலாளர் 1941 இல் தம் குறைகளைப் பட்டியலாக்கியபோது அவர்களுள் பெரும்பாலோர்க்கு எழுத்தறிவு குறைவு, சட்ட உதவி மையம் இல்லை, வாக்குரிமை இல்லை. இன்று பள்ளிகள் உண்டு; வழக்கறிஞர்கள் உண்டு; நாடாளுமன்றம் உண்டு. இத்தனையும் இருந்தும் அடுத்த மசோதா வரும்போது கோப்புகள் மேசைகளில் தனித்தனியே உறங்கிக்கொண்டிருந்தால், அந்தப் பழியை விதியின் மீது போட முடியாது. சிவப்புக் கார்டுப் பெற்றோருக்கு நாளை பிறக்கும் குழந்தைக்குத் தன் வழக்கைத் தானே எடுத்துரைக்க வாய் இல்லை. அதன்பொருட்டுப் பேச வேண்டியோர் முதலில் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கட்டும்.